முதிரைக்குக் கண்ணாடி

துறைமுகம் பார்த்த பட்டறையில் மாலை வெயில் சாய்கிறது. முதிரை மேசையின் மேற்பலகை வற்றுக்கடல் மணல்போல வரிவரியாக மினுங்குகிறது. எந்தப் பக்கம் சீவுளியை ஓட்டினாலும் நார் பெயர்கிற மரம். கிறிஸ்தோபர் உடைந்த கண்ணாடித் துண்டால் சுரண்டி வழவழப்பாக்குகிறார். கடைசித் துண்டும் மழுங்கிவிட்டது. இன்னும் ஒரு சாண் மிச்சம். மேசையை ஏற்ற விடிய லொறி வரும்.

“கண்ணாடி முடிஞ்சுதோப்பா? சீவுளியப் போடுங்கோவன்” என்கிறாள் மனைவி ஜெனிதா.

“ஏலாது. நார் கிளம்பும்.”

அவர் கண் சுவரிலுள்ள அவர்களின் கலியாணப் படத்தில் பட்டு விலகுகிறது. அவள் படத்தை இறக்கிக் கண்ணாடியை உருவுகிறாள். துணியில் சுற்றி உடைத்துக் கூரான துண்டொன்றை நீட்டுகிறாள். அவர் மறுபடி குனிகிறார். படம் கண்ணாடியின்றிச் சுவரில் மீண்டும் ஏறுகிறது. கடல் வெளிச்சம் பட்டு எப்போதும் கண்கூசிய இடத்தில், இப்போது இரண்டு முகங்கள் தெரிகின்றன.