எண்பது கிலோமீட்டர்

திரையில் படம் துல்லியமாக ஓடியது. ஆர்டர் கொடுக்க வந்திருந்த நான்கு பேரும் கைதட்டினார்கள்.

அவள் தட்டவில்லை. படத்தின் ஓரத்தில் இருந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பூஜ்யம்.

கண்ணாடி இழையில் நெடுந்தூரம் ஓடும் ஒளி கலைந்துவிடும். அதன் நிறங்களில் சில முந்தும், சில பிந்தும். அவற்றை மறுமுனையில் பழையபடி சேர்க்கத்தான் மூன்று வருடமாக அவள் புரோகிராம் எழுதினாள். எவ்வளவு கலைந்ததைச் சரிசெய்தது என்று காட்டும் எண் அது.

எண்பது கிலோமீட்டர் ஓடிய ஒளி கலையாமல் வருமா?

மேசைக்குப் பின்னால் போய்க் குனிந்தாள். எண்பது கிலோமீட்டர் இழை சுற்றிய உருளைகள் எதிலும் இணைக்கப்படாமல் சும்மா கிடந்தன. அனுப்பும் பெட்டியையும் வாங்கும் பெட்டியையும் ஒரு முழ நீள மஞ்சள் வயர் இணைத்திருந்தது.

ஆய்வகத்தின் சாவி அவளை விட்டால் முதலாளி சென்னியப்பனிடம்தான் இருக்கிறது.

அவள் நிமிர்ந்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. பக்கத்தில் வந்து காதோரம் சொன்னார்.

"ஒண்ணும் பண்ணிராத கண்ணு. ஆர்டர் கைக்கு வரட்டும். உன்ற புரோகிராமை அப்புறம் நிதானமா ஓட்டிப் பாக்கலாம்."

ஓட்டிப் பார்க்கலாமாம். நேற்று அவர் கண்ணெதிரேதான் ஓடியது. பிரமாதம் என்றார். மனிதர் ஒரு நாள்கூட நம்பியிருக்கவில்லை.

மஞ்சள் வயரைப் பிடுங்கினாள்.

திரை இருண்டது.

"என்னாச்சுங்க?" என்றார் வந்தவர்களில் ஒருவர்.

ஆர்டர் போனால் அவளுக்கு மட்டுமல்ல, இங்கே எல்லோருக்கும் வேலை போகும். தெரிந்தேதான் உருளையிலிருந்து வந்த இழையின் முனையைத் துடைத்துச் செருகினாள்.

எண் ஏறத் தொடங்கியது. நூறு. ஐந்நூறு. ஆயிரத்தைத் தாண்டிப் போய் நின்றது.

படம் வந்தது. அதே படம், அதே துல்லியம்.

இந்த முறை யாரும் கைதட்டவில்லை.

வந்தவர்களில் மூத்த அம்மாள் எழுந்து வந்தார். உருளைகளைப் பார்த்தார். அவள் கையில் தொங்கிய மஞ்சள் வயரைப் பார்த்தார்.

"அப்ப, நாங்க மொதல்ல கைதட்டுனது எதுக்கு?"

சென்னியப்பன் அவள் முகத்தையே பார்த்தார்.

இந்த மூன்று வருடத்தில், அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று அவர் முதன்முறையாகக் காத்திருந்தது அப்போதுதான்.