இடது சிலிண்டர்

தகர ஷெட்டின் இடுக்கு வழியே நுழைந்த மாலை வெயில், பழைய இத்தாலி மோட்டார் சைக்கிளின் சிவப்பு டேங்க்கின்மேல் சாவகாசமாகப் படுத்திருக்கிறது. அதற்கென்ன, உதைப்பது அவனல்லவா. கிக்கரை மறுபடியும் மிதிக்கிறான். வலது சிலிண்டர் படபடவென்று பிடித்து, தனியாக இழுக்க முடியாமல் அணைந்துபோகிறது; இடது, கல்லுளிமங்கன் மாதிரி வாயே திறப்பதில்லை. பிளக் புதுசு. பெட்ரோல் வரும் ஜெட்டைக் கழற்றி ஊதியாயிற்று. திருகைத் திருகித் திருகி விரலில் தோல் உரிந்ததுதான் மிச்சம். "உனக்கு என்னதான் வேணும், சொல்லித் தொலையேன்!" என்று வண்டியிடம் கத்துகிறான். வீட்டுக் கதவு திறக்கிறது. முதல் சவாரிக்காக மதியத்திலிருந்தே தயாராகிக்கொண்டிருக்கும் மனைவி கையில் ஹெல்மெட்டோடு வந்து நிற்கிறாள். ஒரு காலில் ஷூ, மற்றது வெறுங்கால். "ஏங்க, என் கறுப்பு சாக்ஸ்ல ஒண்ணைக் காணோம். பாத்தீங்களா?" அவன் கை அப்படியே நிற்கிறது. வண்டியைப் பிரித்த அன்று, தூசி போகாமலிருக்க காற்று இழுக்கும் இரண்டு கார்புரேட்டர் வாயிலும் கைக்குக் கிடைத்த துணியைத் திணித்தது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. திரும்பப் பூட்டும்போது வலதில் இருந்ததை மட்டும்தான் உருவியிருக்கிறான். இடது வாய்க்குள் மெல்ல விரலை விடுகிறான். மெத்தென்று தட்டுப்படுகிறது. "நான் எங்க பாத்தேன்? உள்ள போய் நல்லாத் தேடு," என்கிறான், அவள் பக்கம் திரும்பாமலே.