எதிர்மலை

“மிஷின் சத்தத்தையே தாண்டாத குரல், மலையைத் தாண்டப் போகுதாக்கும். போய்க் காஜா எடு, போ.”

“மூணு மிஷினுக்கு மேல கத்தித்தான் அண்ணே தினமும் உங்ககிட்ட அளவு கேக்கறேன். என் தொண்டையைப் பத்தி நீங்க கவலைப்படாதீங்க.”

கோடை விழாவின் கடைசி நாள் காலையில், தையல் கடைக்குள் அண்ணனும் தங்கையும் இப்படி மோதிக்கொண்டிருக்க, மலர்க் கண்காட்சிக்குக் கிளம்பியவர்களில் பாதிப் பேர் கடை வாசலிலேயே தங்கிவிட்டார்கள். பூ எங்கே ஓடிவிடப் போகிறது? சண்டைதான் ஆறிப்போகும்.

அண்ணனுக்கு ஊர் வைத்த பெயர் கத்திரி. துணியை மட்டுமா, எதிராளியின் பேச்சையும் பாதியில் வெட்டுவார். அவர் வெட்டியதைத் தைப்பது தங்கை. வயது முப்பத்து நாலு என்று அவள் சொல்கிறாள். ஊர் இரண்டு கூட்டிச் சொல்கிறது. கடையை விட்டுப் போகிறேன் என்று மூன்று வருஷமாகக் கேட்கிறாள். சீசன் முடியட்டும் என்பார் அண்ணன். சீசன் முடிந்தால், பள்ளிக்கூடச் சீருடை முடியட்டும் என்பார். அவள் போய்விட்டால் அவருடைய கோட்டுகளில் கை ஒரு பக்கமும் கழுத்து ஒரு பக்கமும் நிற்கும் என்பது யாருக்குத்தான் தெரியாது?

இன்றைய சண்டை எதிரொலிப் போட்டியைப் பற்றி. ஊர்க்கோடியில், பள்ளத்தாக்கைப் பார்த்த கம்பித் தடுப்பின் அருகே நின்று, ஒரே ஒரு சொல்லை ஒரே ஒரு தடவை கூவ வேண்டும். எதிர்மலை அதை எத்தனை தடவை திருப்பிச் சொல்கிறது என்று ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் விரல் மடக்கி எண்ணுவார். நாலுக்கு மேல் இதுவரை யாரும் வாங்கியதில்லை. அந்த நாலும் பேக்கரிக்காரருடையது. தொந்தியிலிருந்து ‘ஓ’ என்று ஒன்று விடுவார் பாருங்கள், மலைக்கே வயிறு நிறைந்துவிடும்.

இந்தப் போட்டிக்குத்தான் தங்கை, ஒரு வார்த்தை கேட்காமல் பெயர் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். வாசல் கூட்டத்தைப் பார்த்ததும் கத்திரிக்கு வீம்பு ஏறியது.

“சரி, நாலைத் தாண்டிக் காட்டு. அப்புறம் நீ எங்க வேணும்னாலும் போ, நான் குறுக்க நிக்கல. தாண்டலைன்னா, போறேங்கிற பேச்சையே இனிமே எடுக்கக் கூடாது.”

“ஊர் கேட்டுக்கிட்டிருக்கு அண்ணே.”

“கேக்கட்டும். நல்லாக் கேக்கட்டும்.”

அவள் கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

பத்து மணிக்கு மூடுபனி விலகியது. எதிர்மலை அடி முதல் முடி வரை எழுந்து நின்றது. கரும்பாறை, அதில் வெள்ளைக் கோடாய் ஒரு அருவி, மேலே சிந்திய அரிசிபோல் நாலைந்து வீடுகள். வெளியூர்க்காரர்கள் போட்டோ எடுக்கக்கூட மறந்து நின்றார்கள். ஐஸ்கிரீம் வண்டியின் மணி அடங்கியது. ராட்டினத்தை நிறுத்தினார்கள், உச்சியில் மாட்டிக்கொண்டவர்கள்கூட வாய் திறக்கவில்லை. வருஷத்தில் இந்த அரை மணி நேரம்தான் இந்த ஊர் வாயை மூடுவது.

பதினெட்டுப் பேர் கூவினார்கள். பேக்கரிக்காரர் வழக்கம்போல நாலு வாங்கிக்கொண்டு வயிற்றைத் தடவினார். கடைசியாக அவள். கம்பியைப் பிடித்துக்கொண்டு, எதிர்வீட்டைப் பார்ப்பதுபோல மலையைப் பார்த்தாள்.

“வரட்டுமா?”

கூட்டம் திகைத்தது. வாசலில் செருப்பு மாட்டும்போது சொல்கிற சொல்லையா ஒருத்தி போட்டிக்கு எடுப்பாள்? அண்ணனிடம் விடைபெறுகிறாள் என்று எல்லோரும் கத்திரியைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் முகம் சுருங்கிப்போயிருந்தது.

வரட்டுமா, என்றது மலை. ரட்டுமா, என்றது. ட்டுமா. மா.

நாலு. தலைமையாசிரியரின் நாலு விரல்களும் மடங்கிவிட்டன. கட்டைவிரல் மட்டும் காற்றில் நின்றது. அருவி விழும் ஓசை அவ்வளவு தூரத்திலிருந்து கேட்டது. அவ்வளவுதான் என்று கத்திரி தோளைத் தளர்த்திய நொடியில், பாறைக்கே உயிர் வந்து வாய் திறந்ததுபோல, ஒற்றை எழுத்தாய் இன்னொன்று வந்தது. தாமதமாக, கனமாக, பள்ளத்தாக்கு முழுவதையும் கடந்து.

எல்லோருக்கும் மயிர்க்கூச்செறிந்தது. பேக்கரிக்காரர் தொப்பியைக் கழற்றினார். மலையை விலைபேச வந்ததுபோல் சுற்றிக்கொண்டிருந்த ஹோட்டல் முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தவர்கள் உண்டு.

“அஞ்சு,” என்றார் தலைமையாசிரியர், பாடம் மறந்த பிள்ளை மாதிரி. மடக்கிய கையைத் திறக்க அவருக்கு வெகு நேரம் ஆனது.

தங்கை அண்ணனைப் பார்த்தாள். கத்திரி முதல்முறையாக எதிராளியின் பேச்சை வெட்டவில்லை. ஏனென்றால் அவள் எதுவும் பேசவேயில்லை.

“மலையே சொல்லிடுச்சு. நான் யாரு?” என்றார் கடைசியில்.

அடுத்த மாதமே அவள் எதிர்மலைக்குக் குடிபோனாள், அங்கே மழை அளக்கும் வேலையில் இருப்பவரைக் கட்டிக்கொண்டு. மழைக்கோட்டில் பை கிழிந்துவிட்டது என்று மாதம் இரண்டு தடவை தையல் கடைக்கு வந்துபோன மனிதர்தான். எந்தப் பையும் அத்தனை தடவை கிழியாது என்று தங்களுக்குத் தோன்றாமல் போனதில் ஊராருக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

எதிர்மலையில் நடந்த கல்யாண விருந்தில் பேக்கரிக்காரருக்கு வாய் சும்மா இருக்கவில்லை. “எங்க கண்ணுல மண்ணைத் தூவிட்டு, கட்டிக்கிறியான்னு எப்ப மாப்ளே கேட்டீங்க?” என்றார்.

“நான் எங்க கேட்டேன்? அவதான் ஊர் முன்னாடி நின்னு கேட்டா. நான் இங்கேருந்து ‘வா’ன்னேன். அதையும் உங்க சார் எண்ணிட்டாரு.”