பிடரிப் பட்டை

மண்டையோட்டின் அடியில் அறுவை சிகிச்சை முடிந்து ஐந்தாம் நாள். "மூக்குல தண்ணியா ஒழுகுது கோமளம், தொண்டையெல்லாம் உப்புக் கரிக்குது," என்றார் சந்தானம். அவர் பிடரியில் மருத்துவமனை ஒட்டி அனுப்பிய, காயத்தைக் கண்காணித்துக் குரலில் சொல்லும் பட்டையோ, "காயம் நன்றாக ஆறுகிறது" என்றது. மூளை நீர் கசிந்தால் இப்படித்தான் இருக்கும் என்று டாக்டர் எச்சரித்திருந்ததால் கோமளத்துக்குச் சந்தேகம் தட்டியது. பட்டையை உரித்துச் சமையலறையில் கிடந்த சுரைக்காயில் ஒட்டிப் பார்த்தாள்.

"காயம் நன்றாக ஆறுகிறது."

கணவரையும் சுரைக்காயையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு மருத்துவமனைக்கு விரைந்தாள்.

"ரிப்போர்ட் நல்லாத்தானேம்மா இருக்கு? பட்டை சிவப்பானாத்தான் அட்மிஷன்," என்றான் வரவேற்பில் இருந்தவன், பட்டை அனுப்பிய தகவலைத் திரையில் பார்த்தபடியே.

அவள் பட்டை ஒட்டியிருந்த சுரைக்காயை அவன் மேசைமேல் வைத்தாள். "நல்லா இருக்கறது இதுதான் தம்பி. என் வீட்டுக்காரர் அந்த வீல்சேர்ல இருக்காரு. அவரைப் பாருங்க."

அவன் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தான். அதற்குள் சந்தானத்தின் கண்கள் நிலைகுத்தியிருந்தன.