தேனீ எழுப்பிய சுக்கிர மேடு

ஆண்கரடி ஒன்று தன்னை மணக்கக் கேட்டபோது, பெண்கரடி நிபந்தனை விதித்தது: “கட்டைவிரலுக்குக் கீழுள்ள சுக்கிர மேடு உயர்ந்திருந்தால்தான் உள்ளத்தில் அன்பு இருக்குமாம். நாளை குரங்குச் சோதிடரிடம் கையைக் காட்டுங்கள்.”

ஆண்கரடியின் உள்ளங்கையோ பலகைபோல் தட்டையானது. அன்று மாலையே அது கட்டைவிரலின் அடிப்புறத்தைத் தேன்கூட்டில் அழுத்தி வைத்தது.

மறுநாள் பெண்கரடி பார்த்துக்கொண்டிருக்க, குரங்கு வீங்கிய அந்த மேட்டைத் தொட்டதும் ஆண்கரடி அலறிவிட்டது.

“இது சுக்கிரன் அல்ல, தேனீ! எத்தனை கொட்டு வாங்கினாய்?” என்று சீறியது குரங்கு.

“பதினேழு,” என்று தலைகுனிந்தது ஆண்கரடி.

“மோசடிக்காரன், அம்மா! இவன் உனக்கு வேண்டாம்.”

“சற்று நகருங்கள், ஐயா,” என்ற பெண்கரடி, வீங்கிய கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டது. “ஆடாதே, அசடே,” என்று அதட்டியபடி முதல் கொடுக்கைப் பிடுங்கியது.