கண்ணாடியில் ஒட்டிய பொட்டு

அந்த ஸ்டூடியோவின் கண்ணாடியில், நெற்றி தெரியும் உயரத்தில், நிறைய ஸ்டிக்கர் பொட்டுகள் ஒட்டியிருந்தன. விசாவுக்குப் படம் எடுக்க வந்த பெண்கள் கழற்றி ஒட்டியவை. போகும்போது எடுத்துக்கொள்ள மறந்தவை. “நெத்தி வெறுமையா இருக்கணும்மா. சிரிக்கவும் கூடாது. இல்லேன்னா திருப்பி அனுப்பிருவாங்க” என்றார் ஸ்டூடியோக்காரர். விசாலம் தன் அரக்குப் பொட்டை அவற்றின் நடுவில் ஒட்டிவிட்டு வெள்ளைத் திரைக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். அவள் கணவர் தணிகாசலம் திருநீற்றைத் துடைத்துவிட்டு ஏற்கெனவே படம் எடுத்து முடித்திருந்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இருவரும் சேர்ந்து போகும் முதல் வெளிநாட்டுச் சுற்றுலா. ஒரு வாரம்தான்.

படங்கள் வந்தன. தன்னுடையதை அவர் பார்க்கவேயில்லை. அவளுடையதை வாங்கிப் பார்த்துக்கொண்டே நின்றார். குளித்த ஈரத்தோடு முதலில் பொட்டு வைத்துக்கொள்கிறவள் அவள். வெறும் நெற்றியோடு அவர் பார்த்ததே இல்லை. படத்தில் சிரிக்காமல், நேராக, யாரையும் எதிர்பார்க்காதவள்போல் இருந்தாள்.

“இவளுக்குப் பொட்டோட ஒண்ணு எடுத்துக் குடுங்க.”

“அது விசாவுக்குச் செல்லாதுங்களே.”

“விசாவுக்கு இல்ல.”

தணிகாசலம் படத்தை அவளிடம் கொடுத்துவிட்டுக் கண்ணாடியருகே போனார். அரக்கு நிறத்திலேயே ஏழெட்டு இருந்தன. ஒன்றை நகத்தால் நெம்பப் போய் நிறுத்திக்கொண்டார். “விசாலம், இதுல உன்னோடது எது?”

அவள் பொட்டில்லாத அந்தப் படத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நல்லாத்தாங்க இருக்கேன்” என்றாள்.