முதல் வரிசைச் சிரிப்பு

டி.வி.யில் ஒரு நகைச்சுவை நிகழ்ச்சி பிறந்த கதையைப் படமாக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த நிகழ்ச்சியின் முதல் நாளிலேயே அரங்கத்தை அதிரவைத்த கோமாளியின் வேடத்துக்கு ஒரு மேடை நடிகனைப் பிடித்திருந்தார்கள். அவனுக்கு இதுதான் முதல் படம்.

விளக்கு வெளிச்சத்தில் கண் கூசியது. எதிரே ரசிகர்களாக நடிக்க உட்கார்ந்திருந்த கூட்டம் ஒரே இருட்டில். முதல் ஜோக்கைச் சொன்னான், சத்தமே இல்லை. இரண்டாவதுக்கு ஒரு இருமல்கூட இல்லை.

கூட்டத்தோடு கூட்டமாக முதல் வரிசையில் மனைவியை உட்காரவைத்திருந்தான். எந்த மேடையிலும் முதலில் வெடிப்பது அவள் சிரிப்புதான். இன்று அவளுமா?

"கட்! பிரமாதம்!" என்றார் டைரக்டர்.

"கிண்டல் பண்ணாதீங்க சார். ஒருத்தர்கூட சிரிக்கல. வேற ஆளைப் பாத்துக்குங்க."

"அய்யய்யோ, யாரும் சொல்லலையா? உங்க குரல் தனியா பதிவாகணும்ல? அதான் எல்லாரையும் சத்தமில்லாம சிரிக்கச் சொன்னோம். சிரிப்பைப் பின்னால சேர்த்துக்குவோம்."

அரங்க விளக்குகள் எரிந்தன. வாயைப் பொத்தியபடி எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். முதல் வரிசையில் ஒரு நாற்காலி மட்டும் காலி.

வெளியே ஓடினான். மனைவி படிக்கட்டில் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அவ்வளவு மோசமா? எழுந்தே வந்துட்ட?"

"நானா வரல. நீங்க மேக்கப்ல இருந்தப்ப, அசிஸ்டென்ட் உங்க வசனத்தைப் படிச்சு சத்தமில்லாம சிரிக்க எங்களுக்கு ஒத்திகை வச்சாரு. இதை நீங்க எப்படிச் சொல்வீங்கன்னு நெனச்சேன், வாய்விட்டுச் சிரிச்சுட்டேன். வெளிய அனுப்பிட்டாங்க."

அவன் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"இப்ப சொல்லுங்க," என்றாள். "இங்க யாரும் பதிவு பண்ணல."